போன்சாய் மண்ணில் கோளாறா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

மலேசியாவில், பேராக் மாநிலச் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில், செம்பனை (எண்ணெய்ப்பனை) நர்சரியில் 20 வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். பாலிபேக்கில் மண் நிரப்பியே கை காய்ப்புக் காய்த்தது. வேலையை விட்டுத் தமானுக்குக் குடிவந்த பிறகும் செடி கொடி என்றால் என்னிடம்தான் வருகிறார்கள். இப்போதெல்லாம் வருவதில் பாதி, சின்னத் தட்டில் நிற்கும் போன்சாய். புதுமனைக்கு யாரோ கொடுத்தது, சீனப் புத்தாண்டு முடிந்து விலை குறைத்தபோது வாங்கியது, பசார் மாலாமில் பிள்ளை அடம்பிடித்து வாங்க வைத்தது. எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, ஒரு நாளைக்கு எத்தனை தடவ தண்ணி ஊத்தணும்?"

அதற்கு நான் பதில் சொல்வதில்லை. சட்டியைத் தூக்கி அடியில் இருக்கும் ஓட்டையைப் பார்ப்பேன். பாதிக் கோளாறு அங்கேயே தெரிந்துவிடும்.

நான் கொன்ற முதல் போன்சாய் நர்சரி மண்ணால் செத்தது. 45 சென்டிமீட்டர் உயரப் பாலிபேக்கில் அருமையாகத் தண்ணீர் வடிந்த அதே மேல்மண், 5 சென்டிமீட்டர் தட்டில் சேறாகவே கிடந்தது. பெரிய மரத்துக்கு நல்ல மண், குட்டை மரத்துக்கு விஷம். இந்த ஒன்றைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று மரம் செலவானது.

கீழே சொல்வதெல்லாம் ஃபைகஸ் (ஆல், அத்தி இனம்) வகைக்கு. வேர் கிழங்குபோலப் பருத்து, ஜின்செங் என்ற பேரில் விற்கிறார்களே, அது. ஆரம்பத்தில் வாங்குகிறவர்கள் கையில் பெரும்பாலும் அதுதான் இருக்கிறது.

எதுவானாலும் முதலில் இந்த மூன்று சோதனை

ஓட்டை: சட்டியைத் தூக்கிப் பாருங்கள். ஓட்டை இருக்கிறதா, திறந்திருக்கிறதா, வேர் அடைத்திருக்கிறதா? நிறைய மரங்கள் ஓட்டையுள்ள பிளாஸ்டிக் சட்டியில் நின்று, அந்தச் சட்டி ஓட்டையில்லாத பீங்கானுக்குள் உட்கார்ந்திருக்கும். வெளியே எடுத்தால் அடியில் இரண்டு விரல் உயரம் பழைய தண்ணீர்.

குச்சி: மீ சாப்பிடும் மரச் சாப்ஸ்டிக் ஒன்றை, தண்டிலிருந்து தள்ளி, அடிவரை செருகி 10 நிமிடம் விடுங்கள். எடுக்கும்போது கறுத்து ஈரமாக வந்தால் இன்று தண்ணீர் வேண்டாம். லேசான ஈரம் என்றால் நாளை பாருங்கள். காய்ந்து வந்தால் இப்போதே ஊற்றுங்கள். மேல்மண்ணை மட்டும் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், மேலே காய்ந்து அடியில் கஞ்சியாக இருக்கும் சட்டிகள் ஏராளம்.

எடை: நன்றாக நீர் விட்டு வடிந்த பிறகு சமையல் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் தினமும் நிறுத்தால், கைக்கே பழகிவிடும். பிறகு தராசு வேண்டாம்.

அறிகுறி 1: ஊற்றிய தண்ணீர் மேலேயே நிற்கிறது

என்னிடம் வருவதில் இதுதான் அதிகம்.

மேலே கல் ஒட்டியிருக்கிறதா? லாரியில் வரும்போது மண் சிந்தாமலிருக்கக் கூழாங்கல்லைப் பசை போட்டு ஒட்டி அனுப்புவார்கள். பார்க்க அழகுதான், ஆனால் தண்ணீரும் காற்றும் உள்ளே போகாது. சட்டியை மண்மட்டம் வரை அரைமணி நேரம் தண்ணீரில் ஊறவையுங்கள். சில பசை இளகிவிடும். இளகாததை ஸ்குரூ டிரைவரால் ஓரத்திலிருந்து நெம்பி உடையுங்கள். தண்டில் ஒட்டிய துண்டை மட்டும் பிடுங்க வேண்டாம், பட்டையோடு வரும்.

ஓட்டை அடைத்திருக்கிறதா? சத்தே கம்பியின் பின்முனையால் கீழிருந்து குத்துங்கள். மண் கட்டி விழுந்து தண்ணீர் சொட்டினால் பிரச்சினை தீர்ந்தது. ஓட்டையே இல்லை என்றால், ஓடு துளைக்கும் பிட் போட்டு டிரில் செய்யலாம். சுத்தியல் முறையை அணைத்துவிட்டு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டே மெதுவாகத் துளைக்க வேண்டும். டிரில் இல்லாவிட்டால் ஹார்ட்வேர் கடையில் கேட்டுப் பாருங்கள். சட்டி விலையுயர்ந்தது என்றால் துளைக்காதீர்கள், வேறு சட்டி வாங்குவது மேல்.

மண் இறுகிவிட்டதா? குச்சி உள்ளே இறங்க மறுத்தால் ஆம். தண்டிலிருந்து தள்ளி ஏழெட்டு இடத்தில் குச்சியால் அடிவரை குத்துங்கள். ஒன்றிரண்டு மாதம் தள்ளலாம், அதற்கு மேல் இது தாங்காது.

வேர் நிறைந்துவிட்டதா? மரத்தைச் சட்டியிலிருந்து மெல்ல வழுக்கி எடுங்கள். சட்டி வடிவத்திலேயே வேர் சுற்றிச் சுற்றி, மண் கண்ணுக்கே தெரியாவிட்டால் மண் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

மண்ணே தப்பா? விரலால் ஒரு சிட்டிகை எடுத்து நனைத்து உருட்டுங்கள். உருண்டை பிடித்தால் அது களி. நம் வீட்டுப் பின்னால் கிடைக்கும் செம்மண்ணும், நர்சரிகளில் மூட்டையாக விற்கும் கறுப்பு மண்ணும் பூச்செடிக்கு ஓகே. தட்டுக்கு ஆகாது. இதற்கும் மண் மாற்றம்தான்.

இந்த ஐந்தையும் பார்த்த பிறகும் தண்ணீர் நின்றால், அல்லது மரம் உங்கள் தாத்தா காலத்தது என்றால், ஈப்போ பக்கம் போன்சாய் வளர்ப்பவரிடம் கொண்டுபோங்கள். பழைய மரத்தின் வேரில் கைவைத்துப் பழக வேண்டாம்.

அறிகுறி 2: தண்ணீர் ஊற்றியதுமே ஓடிவிடுகிறது, மரம் வாடுகிறது

இது மேலே சொன்னதற்கு நேர்மாறு. தினமும் ஊற்றுகிறவர்கள்தான் இதைக் கொண்டுவந்து, "தண்ணி ஊத்தாம விட்டதே இல்லக்கா" என்று சத்தியம் செய்வார்கள். பொய் சொல்லவில்லை. தண்ணீர் சட்டியின் ஓரமாக வழிந்து அடியில் போய்விட்டது, வேர் அதைப் பார்க்கவே இல்லை.

காரணம், கொக்கோபீட் (தேங்காய் நார்த்தூள்) கலந்த மண் ஒருமுறை முழுசாகக் காய்ந்தால் மேலே ஊற்றும் தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சாது. மண் சுருங்கி, சட்டிச் சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே நகம் நுழையும் இடைவெளி விழும். பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போய் வந்த வீடுகளில் இது சகஜம்.

பேசினில் தண்ணீர் நிரப்பி, சட்டியை மண்மட்டம் மூழ்க வையுங்கள். குமிழி வருவது நிற்கும்வரை விடுங்கள், 15 நிமிடத்தில் முடியும். எடுத்து வடியவிட்டு, ஓர இடைவெளியில் புதுக் கலவை (மண் மாற்றப் பகுதியில் சொல்கிறேன்) போட்டுக் குச்சியால் இறக்குங்கள். மறுநாள் குச்சிச் சோதனை. இரண்டே நாளில் மறுபடி எலும்பாகக் காய்ந்தால், மரம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஏர்கோன் காற்று நேராகப் படும் இடம் என்றால் இடத்தை மாற்றுங்கள். மாற்றியும் அப்படியே என்றால் வேர் சட்டியை நிறைத்துவிட்டது, மண் மாற்றப் பகுதிக்குப் போங்கள்.

அறிகுறி 3: இலை மஞ்சளாகி உதிர்கிறது

ஒரு நிமிடம். மரம் வந்து மூன்று வாரம் ஆகவில்லையா? அல்லது இடம் மாற்றினீர்களா? ஃபைகஸ் இடம் மாறினால் கோபித்துக்கொண்டு இலை கொட்டும். குச்சிச் சோதனை சரியாக இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். இந்த நேரத்தில் பயந்துபோய் உரம் போட்டு, மண் மாற்றி, மரத்தைக் கொன்றவர்கள் உண்டு.

குச்சி ஈரமாக வந்து இலை மஞ்சள்: வேர் மூச்சுத் திணறுகிறது. தண்ணீரை நிறுத்தி, வெளிச்சம் கூட்டுங்கள். கூரைக்குக் கீழே, மதிய வெயில் நேராகப் படாத வாசல் ஓரம் போதும். என்னைக் கேட்டால், நம் ஊரில் வீட்டுக்குள் வளரும் மரம் என்று ஒன்றும் இல்லை. பனி விழும் நாட்டுக்காரர்கள் குளிருக்குப் பயந்து உள்ளே வைப்பதைப் பார்த்து நாமும் வைக்கிறோம். இருட்டு மூலையில் வைத்தால் சட்டி காயாது. ஐந்து நாள் ஆகியும் காயாவிட்டால் அறிகுறி 4-க்குப் போங்கள்.

குச்சி காய்ந்து, இலை மொரமொரப்பாக விழுகிறது: அறிகுறி 2.

மண் சரி, புதுத் தளிர் மட்டும் மஞ்சள், நரம்பு பச்சை: மண்ணில் காரம் ஏறியிருக்கும். கலவையில் சிமெண்ட் ஒட்டிய செங்கல் போட்டீர்களா, சாம்பல் தூவினீர்களா என்று யோசியுங்கள். செம்பனைக் குலைச் சாம்பலை "நல்ல சத்து" என்று தோட்டத்திலிருந்து கொண்டுவந்து போடுவார்கள். பொட்டாஷ் இருப்பது உண்மை, கடும் காரம் என்பதும் உண்மை. கையளவு தட்டு அதைத் தாங்காது. மண்ணை மாற்றுங்கள்.

மண் சரி, அடியில் இருக்கும் முதிர்ந்த இலை மட்டும் வெளிறுகிறது: பசி. திரவ உரத்தை அட்டையில் எழுதிய அளவில் பாதியாக, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஈர மண்ணில் மட்டும்.

அறிகுறி 4: மண்ணிலிருந்து நாற்றம் வருகிறது

சாக்கடை வாடை என்றால் வேர் அழுகுகிறது. இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

முதலில் மரம் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது சுலபம்: ஒரு சின்னக் கிளை நுனியைக் கிள்ளுங்கள், வெள்ளைப் பால் துளிர்த்தால் உயிர் இருக்கிறது. பால் மரம் (ரப்பர்) வேறு இனம், ஃபைகஸ் வேறு இனம், ஆனால் பாலைப் பார்த்து மரத்தின் உடம்பைச் சொல்வது எங்கள் அம்மா காலத்துப் பழக்கம். 1877-இல் பால் மரக் கன்று நட்ட கோலகங்சார் எங்களுக்குப் பக்கத்து ஊர் அல்லவா, கொஞ்சம் ஜம்பம் இருக்கத்தான் செய்யும். பால் வரவில்லை என்றால் இன்னும் கீழே கிள்ளுங்கள், அல்லது நகத்தால் பட்டையைச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் நம்பிக்கை உண்டு. அந்தப் பால் தோலை அரிக்கும், கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பருத்த வேரை அழுத்திப் பாருங்கள். கல்லாக இருக்கிறதா, அழுகிய சேப்பங்கிழங்காக அமுங்குகிறதா? ஓரிடத்தில் மட்டும் அமுங்கினால் அதைச் செதுக்கி எடுத்துவிடலாம். சுற்றிலும் அமுங்கினால் எந்த நிபுணராலும் ஒன்றும் செய்ய முடியாது. பால் வரும் கிளை ஒன்றை வெட்டி ஈர மணலில் நடுங்கள். ஃபைகஸ் கிளை நம் புழுக்கத்தில் எளிதாக வேர்விடும்.

உயிர் இருந்தால்: மரத்தை எடுத்து, மண் முழுவதையும் குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள். கறுத்து வழவழவென்று, தொட்டால் தோல் உரியும் வேர் அழுகல். வெளுப்பாக, விறைப்பாக இருப்பது நல்ல வேர். ஸ்பிரிட்டால் துடைத்த கத்தரியால், அழுகல் முடிந்து வெள்ளை தெரியும் இடம்வரை வெட்டுங்கள். வேர் எவ்வளவு போனதோ அவ்வளவுக்கு இலையையும் குறைத்துவிடுங்கள். பழைய மண்ணைத் தொட்டுக்கூடப் பார்க்காதீர்கள், குப்பைக்குப் போகட்டும். புதுக் கலவையில் நட்டு, நிழலில், தெளிவான பிளாஸ்டிக் பையைத் தளர்வாக மூடி மூன்று வாரம். உரம் வேண்டவே வேண்டாம்.

பாதிக்கு மேல் வேர் போய்விட்டது, மரமும் விலையுள்ளது என்றால், நடுவதற்கு முன்பே தெரிந்தவரிடம் போங்கள். ஈரத் துணியில் வேரைச் சுற்றி அன்றைக்கே கொண்டுபோக வேண்டும்.

அறிகுறி 5: மண்ணின் மேல் வெள்ளை

மூன்று விதமான வெள்ளை உண்டு. குச்சியால் தொட்டுப் பாருங்கள்.

பஞ்சுபோலக் கலைந்தால் பூசணம். டீத்தூள், அரிசி கழுவிய தண்ணீர், முட்டை ஓடு என்று சமையலறையையே தட்டில் கொட்டியிருப்பீர்கள். மேலே அரை விரல்கடை மண்ணை வழித்தெடுத்துவிட்டு, காற்றோட்டம் கொடுங்கள். மரத்துக்கு ஆபத்தில்லை.

உப்புபோல உதிர்ந்தால் உர உப்பு. எதிர்வீட்டு மாமா செம்பனைக்குப் போடும் நீல உரத்தை, மூட்டையில் 12:12:17:2 என்று போட்டிருக்குமே அதை, ஒரு பிடி அள்ளிப் போட்டிருந்தார். செம்பனை தாங்கும். மாமாவின் மரத்தில் ஒரு வாரத்தில் இலை ஓரமெல்லாம் தீய்ந்துபோனது. மேலே தெரியும் உர மணிகளைப் பொறுக்கிவிட்டு, குழாயடியில் வைத்து, சட்டிக் கொள்ளளவைப்போல் மூன்று நான்கு மடங்கு தண்ணீரை மெதுவாக ஓடவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி. உரம் இரண்டு மாதம் கிடையாது.

மாவுபோல இருந்து, நசுக்கினால் பிசுபிசுத்தால் வேர் மாவுப்பூச்சி. சட்டிச் சுவரிலும் வெள்ளையாக ஒட்டியிருக்கும், எறும்பு நடமாட்டமும் இருக்கும். எறும்பு மருந்து மட்டும் போட்டால் தீராது. வேரைக் கழுவி, சட்டியைத் தேய்த்து வெந்நீர் ஊற்றி, புது மண்ணில் நட வேண்டும். பக்கத்தில் வேறு செடிகள் இருந்தால் அவற்றையும் தூக்கிப் பாருங்கள். இரண்டு தடவை கழுவியும் திரும்பி வந்தால், பூச்சி மருந்தை நீங்களாகத் தேர்ந்தெடுக்காமல் நர்சரிக்காரரிடம் காட்டிக் கேளுங்கள். வீட்டுக்குள் இருக்கும் மரம், குழந்தைகள் மூச்சுவிடும் இடம்.

அறிகுறி 6: சட்டியைச் சுற்றிப் பூச்சி பறக்கிறது

கறுப்பாக, சோம்பேறித்தனமாகப் பறந்தால் மண் ஈ. அதன் புழு மேல்மண் ஈரத்தில் வாழும். இரண்டு விரல்கடை ஆழம் காய்ந்த பிறகே தண்ணீர் விடுங்கள், மஞ்சள் ஒட்டு அட்டை ஒன்றைச் செருகுங்கள். ஒரு மாதம் விடாமல் செய்யாவிட்டால் முட்டையிலிருந்து அடுத்த கூட்டம் வரும்.

காலில் வெள்ளை வரி போட்ட கொசு என்றால் விஷயம் வேறு. சட்டியின் கீழ்த்தட்டில் நிற்கும் தண்ணீரில் டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும், ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும். சுகாதார அதிகாரிகள் வீடு வீடாக வந்து பார்க்கும்போது பூச்சட்டித் தட்டுகளைத்தான் முதலில் தூக்குவார்கள். கொசுப்புழு இருந்தால் 1975-ஆம் ஆண்டு நோய்பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி அபராதம். தண்ணீர் விட்ட அரைமணியில் தட்டைக் கவிழ்த்துவிடுங்கள், வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள்.

மண் மாற்றுவது என்று முடிவானால்

நம் சீதோஷ்ணத்தில் ஃபைகஸுக்கு மாதம் பார்க்க வேண்டாம், புதுத் தளிர் விடும் ஆரோக்கியமான நேரம் போதும். அழுகல் என்றால் அதுவும் பார்க்க வேண்டாம், உடனே.

நான் போடும் கலவை: ப்யூமிஸ் (நுண்துளையுள்ள எரிமலைக்) கல் 2 பங்கு, உடைத்த செங்கல் 1 பங்கு, மக்கிய உரமோ கொக்கோபீட்டோ 1 பங்கு. ப்யூமிஸ் கிடைக்காத ஊரில் செங்கலையே 3 பங்கு போடலாம். அழுகிய வேருக்கு மக்கிய உரம் வேண்டாம், வெறும் கல் கலவை. ஜப்பான் அகாடாமா மண் நல்லதுதான், ஆனால் விலை அதிகம், நாளாக நாளாகத் தூளாகும். முதல் மரத்துக்கு அவ்வளவு செலவு செய்யாதீர்கள்.

எந்தக் கல்லைப் போடுகிறோம் என்பதைவிட எந்த அளவில் போடுகிறோம் என்பதுதான் முக்கியம். பாசிப்பயறு அளவு. செங்கல்லைச் சாக்கில் கட்டிச் சுத்தியலால் உடைத்து, ஜன்னல் கொசு வலையில் சலியுங்கள். வலைக்குக் கீழே விழும் தூள் பூச்செடிக்கு. மேலே நிற்பதைக் கழுவிக் காயவைத்துப் பயன்படுத்துங்கள். சலிக்கச் சோம்பல்பட்டால் ஆறு மாதத்தில் மறுபடி அறிகுறி 1. கடற்கரை மணல் கூடாது, உப்பு. அடியில் கூழாங்கல் அடுக்கு போடும் பழக்கத்தையும் விடுங்கள், இருக்கிற ஆழத்தையும் அது தின்றுவிடும். ஓட்டைமேல் ஒரு துண்டு வலை போதும்.

அழுகல் இல்லாத மரம் என்றால், வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள். நட்ட பிறகு குச்சியால் மண்ணை வேர் இடுக்குகளில் இறக்குங்கள், கையால் அழுத்திக் கெட்டியாக்கக் கூடாது. ஓட்டை வழியே தெளிந்த தண்ணீர் வரும்வரை ஊற்றுங்கள். ஒரு மாதம் உரம் இல்லை, நேர் வெயில் இல்லை.

கையுறை போடுங்கள். சர்க்கரை வியாதி உள்ளவர்களும், கையில் காயம் உள்ளவர்களும் கட்டாயம். நம் நாட்டு ஈர மண்ணில் மெலியோய்டோசிஸ் கிருமி இருக்கக்கூடும், காயம் வழியாக உடம்புக்குள் போகும். மண் வேலை செய்த பிறகு காய்ச்சல் விடாமல் அடித்தால், டாக்டரிடம் மண்ணில் கைவைத்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அறிகுறி 7: மண் மாற்றிய பிறகு மரம் ஆடுகிறது

ஆடும் மரத்தின் புது வேர் அறுந்துகொண்டே இருக்கும். அடி ஓட்டைகள் வழியாக மெல்லிய அலுமினியக் கம்பியை விட்டு, வேர்க்கட்டைச் சட்டியோடு சேர்த்துக் கட்டுங்கள். கம்பி படும் இடத்தில் பழைய சைக்கிள் டியூப் துண்டு வையுங்கள். ஒரே ஒரு ஓட்டை என்றால் கம்பியை ஒரு சின்ன ஆணியில் சுற்றி, ஆணி சட்டிக்கு வெளியே குறுக்கே நிற்கும்படி மேலே இழுத்துக் கட்டலாம். மூன்று மாதத்தில் வெட்டி எடுத்துவிடுங்கள், மறந்தால் வேரில் பதிந்துவிடும்.